வான்லாக்ஹெட்: ஸ்காட்லாந்தின் உச்சிக் கிராமம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்து போகிறவர்கள் எடின்பரோ கோட்டையைப் பார்ப்பார்கள், நெஸ் ஏரிக்கரையில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், மிஞ்சினால் ஸ்கை தீவு வரை போய்விட்டுத் திரும்புவார்கள். தெற்கே லோதர் மலைகளுக்கு நடுவில் இருக்கும் வான்லாக்ஹெட்டை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. எனக்கு ஸ்காட்லாந்தில் மிகவும் பிடித்த ஊர் இதுதான். ஓடையில் தங்கம் அரிக்கலாம் என்று கேள்விப்பட்டு முதல் தடவை போனேன். அதற்கப்புறம் போனதெல்லாம் அங்கிருக்கும் ஓர் அறைக்காக. அந்த அறை நிறையப் புத்தகம். அந்த ஊரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நண்பர்கள் கேட்கிற கேள்விகளுக்குத் தெரிந்தவரை இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

வான்லாக்ஹெட் எங்கே இருக்கிறது?

தென்மேற்கு ஸ்காட்லாந்தில், டம்ஃப்ரீஸ் அண்ட் கேலோவே வட்டாரத்தில். வான்லாக் என்கிற ஓடை தொடங்கும் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் இருக்கிறது. ஓடைநீர் கிராவிக் ஆற்றோடு போய் சாங்கர் ஊருக்கருகே நித் ஆற்றில் கலக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 467 மீட்டர் உயரம். ஸ்காட்லாந்திலேயே உயரமான கிராமம் இது.

வீடுகள் வரிசையாக, தெருத்தெருவாக இருக்காது. சரிவில் இங்கே நாலு, அங்கே மூன்று என்று இறைந்து கிடக்கும். சுரங்க வாய் எங்கே திறந்ததோ அங்கே நாலு குடும்பம் குடியேறி வளர்ந்த ஊர் என்பதால் அப்படி.

உயரமான கிராமம் வடக்கே ஹைலண்ட்ஸில் அல்லவா இருக்க வேண்டும்?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பெரிய மலைகள் வடக்கே இருப்பது உண்மைதான். ஆனால் அங்கே மக்கள் குடியிருப்பது பள்ளத்தாக்குகளிலும் கடலோரத்திலும். ஹைலண்ட்ஸின் உயரமான ஊர் என்று பேர் பெற்ற டொமின்டூல்கூட 345 மீட்டர்தான்.

வான்லாக்ஹெட்டில் பயிர் விளையாது, குளிர்காலத்தில் பனி மூடிவிடும், எந்தப் பெருவழியும் அதன் ஊடாகப் போவதில்லை. அப்படியும் அங்கே மனிதர்கள் குடியேறியதற்குக் காரணம் மண்ணுக்கு அடியில் கிடந்த ஈயம்.

ஈயம் என்றால் பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயமா?

இல்லை. பாத்திரத்துக்குப் பூசுவதும் ரசம் வைக்கிற ஈயச்சொம்பும் வெள்ளீயம். இது காரீயம். கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு கனக்கும். உடம்புக்குள் போனால் நஞ்சு. தாதுவின் பெயர் கலீனா. உடைத்துப் பார்த்தால் கனசதுரம் கனசதுரமாகப் பிளந்து, புதிதாக அறுத்த உலோகம் போல மின்னும். தேவாலயக் கூரைகள், தண்ணீர்க் குழாய்கள், துப்பாக்கிக் குண்டுகள், பெயின்ட் என்று அந்தக் காலத்தில் காரீயம் இல்லாமல் எதுவும் நடக்காது. தாதுவில் கொஞ்சம் வெள்ளியும் கலந்திருந்தது.

ஊர் எப்போது தோன்றியது?

இந்த மலைகளில் ஈயம் எடுப்பது மிகப் பழைய தொழில். பக்கத்து கிராஃபர்ட் மேட்டுநிலத்தில் ஈயம் தோண்ட நியூபாட்டில் மடத்துத் துறவிகள் 13ஆம் நூற்றாண்டிலேயே உரிமை பெற்றிருந்தார்கள். ஆனால் அப்போதெல்லாம் கோடையில் வந்து தோண்டிவிட்டுக் குளிருக்கு முன் இறங்கிவிடுவார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரரான குவீன்ஸ்பரி பிரபு 1680இல் ஈயம் உருக்கும் உலையும் தொழிலாளர் வீடுகளும் கட்டிய பிறகுதான் வருடம் முழுக்க மனிதர்கள் இருக்கிற ஊரானது. 1710இல் குவேக்கர் சமயத்தார் நடத்திய லண்டன் கம்பெனி ஒன்று சுரங்கங்களைக் குத்தகைக்கு எடுத்தது. பின்னாளில் நிலம் பக்ளூ பிரபுக்கள் கைக்குப் போனது.

சுரங்கத் தொழிலாளிகள் கூலிக்கு வேலை செய்தார்களா?

நாள் கூலிக்கு அல்ல. நான்கைந்து பேரோ அதற்கு மேலோ ஒரு குழுவாகச் சேர்ந்து கம்பெனியோடு பேரம் பேசுவார்கள். இத்தனை அடி தோண்டினால் இவ்வளவு, இத்தனை தாது எடுத்தால் இவ்வளவு என்று கணக்கு. அந்த ஒப்பந்தத்துக்கே ‘பேரம்’ என்றுதான் பெயர். பாறை இளகினால் லாபம், இறுகினால் கடன். கணக்குத் தீர்ப்பது மாதங்கள் கழித்து, சில சமயம் வருடக் கடைசியில். அதுவரை மளிகைக்கடைக் கடன். சிறுவர்கள் மேலே தாதுவைக் கழுவினார்கள். பெண்கள் வீட்டில் எம்பிராய்டரி வேலை எடுத்துச் செய்தார்கள். வீட்டைக்கூடத் தொழிலாளிகளே கட்டிக்கொண்டு, புதர்க்காட்டைக் கொத்திப் புல்லும் கீரையும் உருளைக்கிழங்கும் போட்டுக்கொண்டார்கள்.

இதில் ஒரு விஷயம் முக்கியம். பேரம் பேசுகிறவனுக்கு எழுத்தும் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் ஏமாந்துபோவான். பின்னால் சொல்லப்போகும் புத்தகங்களுக்கு ஒரு வேர் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஈயம் அவர்கள் உடம்பை என்ன செய்தது?

தாது உருக்கும் உலையருகே வேலை செய்தவர்களைத்தான் அது அதிகம் கொன்றது. வயிற்றைப் பிசையும் வலி, மலச்சிக்கல், கைகால் விழுந்துபோவது, புத்தி பேதலிப்பது. அந்த நோய்க்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ‘மில் ரீக்’; உலைப்புகை என்று பொருள். 18ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே மருத்துவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். புகை படிந்த புல்லை மேய்ந்த மாடுகளும், ஊரில் திரிந்த நாய் பூனைகளும்கூடச் செத்தன. ஓடையோரம் பழைய உலை இருந்த இடத்தில் கசடு இன்றைக்கும் கறுப்பாகக் குவிந்து கிடக்கிறது. அந்த மேடுகளில் புல்கூடச் சரியாக முளைப்பதில்லை. அழகான ஊர் என்று நான் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அப்படி என்ன விசேஷம் அந்த நூலகத்தில்?

1756ஆம் ஆண்டு இந்த ஊர்த் தொழிலாளிகள் கூடி, ஆளுக்குக் கொஞ்சம் சந்தா போட்டுப் புத்தகம் வாங்குவதற்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். எந்தப் பிரபுவும் தானமாகக் கொடுத்ததல்ல, அரசாங்கம் திறந்ததுமல்ல. பிரிட்டனில் பொது நூலகச் சட்டம் வந்தது 1850இல். அதற்குத் தொண்ணூற்று நான்கு வருடம் முந்தி, கிணறு போன்ற குழிக்குள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாறை உடைத்தவர்கள் மேலே வந்து கைகழுவிவிட்டுப் புத்தகம் எடுத்துப் போயிருக்கிறார்கள்.

இதற்கும் ஓர் அண்ணன் உண்டு. இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் லெட்ஹில்ஸ் ஊர்த் தொழிலாளிகள் 1741இல் தொடங்கிய வாசகர் சங்கம்தான் பிரிட்டனின் மிகப் பழைய சந்தா நூலகம் என்று சொல்லப்படுவது. வான்லாக்ஹெட் நூலகம் வரிசையில் இரண்டாவது. இதே வட்டாரத்தில் வெஸ்டர்கர்க் என்னும் இடத்தில் ஆன்டிமனி சுரங்கத் தொழிலாளிகள் 1790களில் இன்னொரு நூலகம் தொடங்கினார்கள். அந்தப் பக்கத்தில் இடையர் வீட்டில் பிறந்து, பாலங்கள் கட்டிப் புகழ்பெற்ற தாமஸ் டெல்ஃபர்ட் இறக்கும்போது அந்த நூலகத்துக்கு உயிலில் பணம் எழுதி வைத்தார். அந்த மலைப்பகுதி முழுக்கப் படிப்பு ஊறிக் கிடந்திருக்கிறது.

வான்லாக்ஹெட்டில் இப்போது நிற்கும் நூலகக் கட்டடம் 1850இல் எழுந்தது. ஒரே ஒரு கூடம். சுவர் முழுக்க அலமாரி. சுமார் 3000 புத்தகம். சமய நூல்கள் அதிகம். சரித்திரம், பயணம், அறிவியல், நாவல் எல்லாம் உண்டு. தோல் அட்டைகளின் முதுகு பல இடங்களில் கையின் எண்ணெய் பட்டுக் கறுத்திருக்கிறது. அலங்காரத்துக்கு வாங்கி வைத்த புத்தகம் அப்படிக் கறுக்காது. மாதக் கூட்டத்துக்கு உறுப்பினர்கள் வந்து, எடுத்துப்போன புத்தகத்தைக் காட்ட வேண்டும். அழுக்கு, கிழிசல் இருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பார்ப்பார்கள்; இருந்தால் அபராதம். புதிதாக ஒருவர் சேர வேண்டுமென்றால் ஏற்கெனவே இருப்பவர்கள் வாக்களிப்பார்கள். தன் ஊர்க் காரியத்தைத் தானே கூடி முடிவு செய்யும் பழக்கம் அவர்களுக்கு அந்த அறைக்குள் வாய்த்தது. பிரபுவின் நிலத்தில் அவருடைய சுரங்கத்தில் வேலை செய்தவர்கள், வாக்குச்சீட்டுக்குப் பல தலைமுறை முன்பே, புத்தகத்துக்காக வாக்களித்துப் பழகியிருந்தார்கள். நான் திரும்பத் திரும்ப அங்கே போவது இதற்காகத்தான்.

1803 ஆகஸ்டில் கவிஞர் வோர்ட்ஸ்வொர்த்தும் அவர் தங்கை டோரதியும் நண்பர் கோல்ரிட்ஜும் குதிரை வண்டியில் இந்த வழியாக வந்தார்கள். எதிரே மூன்று சிறுவர்கள். ஒருவன் கையில் தூண்டில். மூவர் தொப்பியிலும் ஹனிசக்கிள் பூச்சரம். எந்த ஊர் என்று கேட்டால் வான்லாக்ஹெட் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் என்ன படிக்கிறீர்கள் என்றால் லத்தீனில் வர்ஜில், சிலர் கிரேக்கத்தில் ஹோமரும் என்று பதில் வந்தது. கோல்ரிட்ஜ் மேலும் துருவிக் கேட்க ஆரம்பித்ததும், பரீட்சை வைக்கப்போகிறார் என்று பயந்தோ என்னவோ, பையன்கள் ஓட்டம் பிடித்தார்கள். டோரதி தன் பயணக் குறிப்பில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

இருட்டில் உழைத்துக் களைத்தவர்களுக்குப் படிக்க நேரம் ஏது?

நியாயமான கேள்வி. விடையின் ஒரு பகுதி லெட்ஹில்ஸில் இருக்கிறது. கணிதம் படித்தவர்களுக்கு ஸ்டர்லிங் சூத்திரம் தெரிந்திருக்கும். பெரிய எண்களின் தொடர்பெருக்கத்தைத் தோராயமாகக் கணக்கிடும் சூத்திரம். அந்த ஜேம்ஸ் ஸ்டர்லிங்தான் 1730களின் நடுவிலிருந்து லெட்ஹில்ஸ் சுரங்கங்களுக்கு நிர்வாகி. ஐரோப்பா அறிந்த கணித மேதை இந்த மலையுச்சியில் ஈயக் கணக்குப் பார்த்தார். அவர் காலத்தில் அங்கே நிலத்தடி வேலை ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் என்று இருந்தது. மிச்ச நேரத்தில் தோட்டம், புத்தகம். குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊரில் படிப்பு நல்ல துணை.

ஸ்காட்லாந்தில் விவிலியத்தைத் தானே வாசிக்க வேண்டும் என்று பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை வலியுறுத்தியதால் எழுத்தறிவு ஏற்கெனவே பரவியிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தங்கம் உண்மையிலேயே கிடைக்குமா?

கிடைக்கும், துகளாக. இந்த ஓடைகளில் 16ஆம் நூற்றாண்டில் நூற்றுக்கணக்கானவர்கள் தங்கம் அரித்தார்கள். எடின்பரோ கோட்டையில் கண்ணாடிக்குள் இருக்கிறதே ஸ்காட்லாந்து மன்னரின் மணிமுடி, ஐந்தாம் ஜேம்ஸுக்காக 1540இல் அதைப் புதுப்பித்தபோது இந்த மலைகளின் தங்கம் சேர்க்கப்பட்டது. ஸ்காட்லாந்தில் 1424இல் வந்த சட்டப்படி தங்கமும் வெள்ளியும் அரசுரிமை. அதனால் நினைத்த இடத்தில் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிடக்கூடாது. ஊர் அருங்காட்சியகத்தில் தங்கம் அரிக்கக் கற்றுத் தருகிறார்கள். தேசிய அளவிலான தங்கம் அரிக்கும் போட்டிகளும் இந்த ஊரில் நடப்பதுண்டு.

முதலில் தட்டை நீரில் முக்கி, பக்கவாட்டில் ஆட்டி, மேலே வரும் கல்லைக் கையால் தள்ளிவிட வேண்டும். மண் குறையக் குறைய ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்க வேண்டும். கடைசியில் தட்டின் விளிம்பில் கறுப்பு மணல் பிறை போல நிற்கும். அதன் ஓரத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி. மிகச் சிறியது, ஆனால் நீர் எத்தனை தரம் அடித்தாலும் நகராது. விரல்கள் மரத்துப்போய், அந்தப் புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்க முடியாமல் நின்றேன்.

உத்திரம் போட்ட பழைய இயந்திரம் ஒன்று உண்டாமே?

உண்டு. ஸ்ட்ரெய்ட்ஸ்டெப்ஸ் குடிசைகளுக்குப் பக்கத்தில், வேலி கட்டி, அரசுப் பாதுகாப்பில் நிற்கிறது. சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை வெளியேற்றுவதற்காக 19ஆம் நூற்றாண்டில் வைத்தது. ஏற்றம் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். ஒரு கல்தூண். அதன்மேல் குறுக்கே பெரிய மர உத்திரம். ஒரு முனையில் வாளி, மறுமுனையில் குழிக்குள் இறங்கும் பம்புத் தண்டு. மேட்டிலிருந்து வாய்க்காலில் வரும் நீர் வாளியில் நிறைகிறது. கனம் தாங்காமல் வாளி இறங்க, மறுமுனை தண்டைத் தூக்கி அடியிலிருக்கும் தண்ணீரை இறைக்கிறது. கீழே வந்ததும் வாளி தானாக வழிந்து காலியாகிவிடும். தண்டின் கனம் உத்திரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும். நெருப்பு வேண்டாம், கரி வேண்டாம், ஆளும் வேண்டாம். தண்ணீரை வைத்தே தண்ணீரை இறைத்தார்கள். நின்ற இடத்திலேயே பிரிட்டனில் தப்பியிருக்கும் இந்த வகை இயந்திரம் இது ஒன்றுதான். அருகே தரையில் வட்டமாக ஒரு தடம் தெரியும். குதிரை சுற்றிவந்து பாரம் இழுத்த இடம்.

மேலே சொன்ன டோரதியும் இந்த மலையில் இப்படி ஓர் இறைப்பு இயந்திரத்தைப் பார்த்து நின்றிருக்கிறார். அரை நிமிடத்துக்கு ஒரு தரம் முனகிக்கொண்டே எழுந்து, அடியில் போய் மூச்சு வாங்குவதுபோல நின்றதாம். ஒரே ஒரு எண்ணம் மட்டும் உள்ள பூதம் போலிருக்கிறது என்றாராம் கோல்ரிட்ஜ்.

சுரங்கத்துக்குள் போய்ப் பார்க்க முடியுமா?

முடியும். பழைய கொல்லுப்பட்டறையில் அமைந்த ஈயச் சுரங்க அருங்காட்சியகம் 1974இல் தொடங்கியது. அங்கே சீட்டு வாங்கினால் வழிகாட்டியோடு லாக்னெல் சுரங்கத்துக்குள் கூட்டிப்போவார்கள். தலைக்கவசம் தருவார்கள். ஒருவர் பின் ஒருவராக, சில இடங்களில் தோளைக் குறுக்கிக்கொண்டு நடக்க வேண்டும். கோடையிலும் உள்ளே சில்லென்று இருக்கும். வழிகாட்டி விளக்கை அணைத்துக் காட்டும்போது வருகிற இருட்டை வெளியில் எங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். தொழிலாளர் குடும்பங்கள் வெவ்வேறு காலத்தில் வாழ்ந்த விதத்தைக் காட்டும் குடிசைகளும் நூலகமும் அந்தச் சீட்டோடு சேர்த்துப் பார்க்கக்கூடியவை. குளிர்காலத்தில் மூடியிருக்கும், கிளம்பும்முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் இங்கே வந்தாரா?

வந்தார். 1780களின் கடைசியில் ஒரு குளிர்காலம். பாதை உறைபனியில் வழுக்கியது. குதிரை லாடத்தைக் கூராக்காமல் இறங்க முடியாது. கொல்லருக்கோ கை நிறைய வேலை. பர்ன்ஸ் உடனே சில வரிப் பாட்டு எழுதி ஜான் டெய்லர் என்கிற ஊர்க்காரரிடம் உதவி கேட்க, அவர் சொல்லிக் கொல்லர் வேலையை முடித்துக்கொடுத்தார்.

ஊருக்கும் பிரபுவுக்கும் சண்டை நடந்தது என்கிறார்களே?

1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளந்தது. போதகரை நியமிக்கும் உரிமை நிலப்பிரபுவுக்கா, சபை மக்களுக்கா என்பதுதான் சண்டை. மக்களுக்கே என்றவர்கள் பிரிந்து சுதந்திரத் திருச்சபை அமைத்தார்கள். வான்லாக்ஹெட்டில் நிறையப் பேர் அந்தப் பக்கம் போனார்கள். ஆனால் ஊர் நிலம் முழுக்க பக்ளூ பிரபுவுடையது. கோயில் கட்ட ஓர் அடி மண்ணும் தர முடியாது என்றுவிட்டார். ஆகவே வருடக்கணக்காக மலைச்சரிவில் வெட்டவெளியில் நின்று வழிபட்டார்கள். அந்த உயரத்தில் ஜனவரிக் காற்று எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வேலை, வீடு, மண் மூன்றும் ஒரே ஆள் கையில் இருக்கும்போதும் அவர்கள் பணியவில்லை. நூலகத்து அறையில் வாக்களித்துப் பழகியதற்கும் இந்தப் பிடிவாதத்துக்கும் தொடர்பு இல்லாமல் இருக்காது என்பது என் எண்ணம்.

ரயில் ஓடுகிறதா?

லெட்ஹில்ஸுக்கு 1901இலும் வான்லாக்ஹெட்டுக்கு 1902இலும் ரயில் வந்தது. 1938இன் முடிவோடு நின்றுபோனது. தண்டவாளத்தையும் பிடுங்கிவிட்டார்கள். பழைய பாதையின் ஒரு பகுதியில் ஆர்வலர்கள் இரண்டடி அகலத்தில் சிறு தண்டவாளம் போட்டு, லெட்ஹில்ஸிலிருந்து கோடை வார இறுதிகளில் வண்டி விடுகிறார்கள். பல்சக்கரம் இல்லாமல் ஓடும் ரயில்களில் பிரிட்டனிலேயே உயரத்தில் ஓடுவது இதுதான். மெதுவாகப் போகும், இருபுறமும் ஹெதர் புதர்.

சுரங்கம் எப்போது மூடியது?

1930களில் ஈய விலை சரிந்ததும் வேலை நின்றது. 1950களில் ஒரு முயற்சி நடந்து அதுவும் முடிந்தது. இன்று ஊரில் இருநூறு பேருக்கும் குறைவு.

லெட்ஹில்ஸையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். நடந்தே போகலாம். அங்கே நூலகம் இருக்கிறது, நீராவிப் படகின் முன்னோடி வில்லியம் சிமிங்டன் 1764இல் பிறந்தது அந்த ஊரில்தான். அவருக்கு ஒரு நினைவுத்தூண் உண்டு. கனிமவியல் படித்தவர்களுக்கு லெட்ஹில்லைட் என்ற பெயர் நினைவுக்கு வரும், அந்தக் கனிமத்துக்குப் பெயர் கொடுத்ததும் இந்த ஊர்தான். கல்லறைத் தோட்டத்தில் ஜான் டெய்லர் என்ற சுரங்கத் தொழிலாளி 137 வயதில் இறந்ததாக ஒரு கல் சொல்கிறது. இவர் பர்ன்ஸுக்கு உதவியவர் அல்ல, வேறொருவர். 1652இல் நேர்ந்த சூரிய கிரகணத்தைச் சிறுவனாகப் பார்த்த ஞாபகம் இருப்பதாக அவர் சொல்லிக்கொண்டிருந்தார். வயதுக் கணக்கு அதிலிருந்து வந்தது. அவ்வளவு வயதை நான் நம்பவில்லை. ஆனாலும் அந்தக் கல் முன்னால் கொஞ்ச நேரம் நிற்காமல் வர முடியவில்லை.

எப்படிப் போவது, எப்போது போவது?

காரில் போவதுதான் வசதி. கிளாஸ்கோவிலிருந்து எம்74 நெடுஞ்சாலையில் ஆபிங்டன் வரை வந்து பிரிய வேண்டும். மொத்தம் ஒரு மணி நேரம். ரயிலென்றால் சாங்கரில் இறங்க வேண்டும். அங்கிருந்து பேருந்து அரிது. சாங்கர் பக்கமிருந்து ஏறும் மெனக் கணவாய்ச் சாலையை விட்டுவிடாதீர்கள். ஆகஸ்டில் ஹெதர் பூத்து இரண்டு பக்க மலையும் ஊதா நிறமாக இருக்கும். ஓடையும் சாலையும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு ஏறும். பனிக்காலத்தில் அதே சாலை அடைபட்டுவிடும். நீள்நடைக்காரர்களுக்கு ஒரு தகவல்: மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடல் வரை சுமார் 340 கிலோமீட்டர் போகும் சதர்ன் அப்லண்ட் வே இந்த ஊருக்குள் வந்து லோதர் குன்றின் மேலேறிப் போகிறது. உச்சியில் விமானப் போக்குவரத்து ரேடாரின் வெள்ளைப் பந்து தெரியும்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எந்த வரிசையில் பார்ப்பது?

காலையில் முதல் ஆளாகச் சுரங்கத்துக்குள் போய்விடுங்கள். வெளியே வந்ததும் உத்திர இயந்திரத்தைச் சுற்றிப் பாருங்கள். சுரங்கத்தின் ஈரமும் குளிரும் உடம்பைவிட்டுப் போகும்முன் நூலகத்துக்கு ஏறிவிட வேண்டும். அவர்கள் அப்படித்தான் போனார்கள். மத்தியானத்துக்கு மேல் லெட்ஹில்ஸுக்கு நடங்கள். அங்கே ஊர் நடுவில் மரச்சட்டத்தில் ஒரு மணி தொங்குகிறது. ஸ்டர்லிங் இறந்த 1770இல் அவர் நினைவாக வைத்தது. வேலை முறை மாறும்போது அடித்தார்களாம்.